மூன்று ஹோட்டல்களில் எது நல்லது என்று கேட்டாய்

தம்பி,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. மூன்று ஹோட்டல், மூன்றுக்கும் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே நீயே எழுதிய நாலு வரிக் குறிப்பு. ஒன்று ரீப நகரத்துப் பெரிய தேவாலயத்துக்கு எதிரே, டென்மார்க்கிலேயே ஆகப் பழைய ஊர் என்று நீ பெருமையடிக்கிற அந்த ஊரின் நடு மத்தியில். இன்னொன்று ஆற்றங்கரையில், யன்னலைத் திறந்தால் வாத்து தெரியுமாம். மூன்றாவது ஸ்டேஷனடியில் புதிதாகக் கட்டியது. உன் வீட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிட நடை, காலைச் சாப்பாட்டில் மரக்கறி ஏதும் இருக்கிறதா, எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாய். கடைசியில் டெனிஷில் எழுதியிருந்தாய்: பிள்ளை பிறந்த வீட்டில் உங்களுக்கு நித்திரை இராது, ஹோட்டல் என்றால் நீங்களும் அப்பாவும் அமைதியாக இருக்கலாம் என்று மெட்டே சொல்கிறாள், மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து எது பிடித்தது என்று சொல்லுங்கள் அம்மா, என் கலியாணத்துக்கு மாமிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த மாதிரி நல்லதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் என் இடைவேளை இருபது நிமிடம். கோப்பி ஆறிப்போகும் வரை அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு என் மேல் அன்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அன்பில்லாதவன் வாத்து தெரியுமா என்று விசாரிக்க மாட்டான். ஆனால் எனக்கு வாத்து வேண்டாம். என் முதல் பேரப்பிள்ளை பிறக்கிற வீட்டில் நான் நிற்க வேண்டும். மருமகள் மெட்டேக்குப் பத்தியம் சமைக்கச் சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் அடைத்து வைத்து ஒரு மாதமாகிறது. பிள்ளை அழுகிற சத்தத்தில் எனக்கு நித்திரை கெட வேண்டும். அதைத் தவிர இந்த வருடத்தில் எனக்கு வேறு ஆசை கிடையாது. அதைத்தான் நீ நாலு வரிக் குறிப்பு எழுதி ஆறு நிமிட நடைக்கு அப்பால் வைத்துவிட்டாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான், ஏனென்றால் இதை உனக்குப் பழக்கியது நான்.

ஒப்பிடச் சொன்னாய், ஒப்பிடுகிறேன். உன் பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கொப்பன்ஹேகனில் எனக்குத் தெரிந்த ஹோட்டல்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்போது நாங்கள் ஸ்கீவவில் இருந்தோம். அகதியாக வந்தவர்களை அரசாங்கம் ஊர் ஊராகப் பிரித்துப் போட்ட காலம். உனக்கு எட்டு மாதம். அப்பாவின் வயிற்றில் ஒரு கட்டி, இங்கே வெட்ட ஏலாது என்று கொப்பன்ஹேகன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ரயிலில் பின்னாலேயே போனேன். எங்கே தங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. உன் மாமி, அப்பாவின் ஒரே அக்கா, அந்த ஊரிலேதான் இருந்தா. சொந்த மச்சாள் வீடு இருக்கும்போது ஒருத்தி எதை யோசிப்பாள்? மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நனைந்த கோட்டும், தோளில் நீயும், கையில் பெட்டியுமாகப் போய் மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்தா. உள்ளே கத்தரிக்காய் பொரிகிற வாசம். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று படியைப் பார்த்தா.

"வாறன் எண்டு ஒரு போன் எடுத்திருக்கலாமே, மச்சாள்," என்றா.

"ஆஸ்பத்திரியிலை இருந்து நேரை வாறன். தம்பிக்குப் பால் காய்ச்ச வேணும்."

"இவர் நைட் வேலை முடிஞ்சு வந்து பகலிலை படுக்கிறவர். பிள்ளை அழுதா எழும்பிப்போடுவார். இஞ்சை இடம் காணாது. ஸ்டேஷனடியிலை நல்ல ஹோட்டல் இருக்கு, பயமில்லாமல் நிக்கலாம். நில்லும், பஸ் நம்பர் எழுதித் தாறன்."

எழுதியும் தந்தா. கடிதாசித் துண்டில், நல்ல வடிவான எழுத்து. உள்ளே வா என்ற வார்த்தை மட்டும் அந்த வாயிலிருந்து வரவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வீட்டில் இருவர் படுக்கிற இடத்தில் பத்துப் பேர் படுப்பார்கள். செத்த வீடானாலும் நல்ல வீடானாலும் நிலத்தில் பாயை விரித்தால் இடம் தானாக வரும். சொந்தக்காரியை ஹோட்டலுக்குப் போ என்று சொன்னவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த ஹோட்டலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் மாடி, ஒடுங்கிய கட்டில், கழிவறை நடைபாதையின் அந்தத் தொங்கலில். மேசை லாச்சியை இழுத்துக் கழற்றி நிலத்தில் வைத்து, அதற்குள் கம்பளியைப் போட்டு உன்னைப் படுக்க வைத்தேன். உன் துணிகளைக் கை கழுவுகிற தொட்டியில் தோய்த்து ஹீட்டரில் காயப்போட்டேன். கீழே இருந்த வரவேற்பு மனுசி புகைத்துக் கரகரத்த குரல்காரி, ஒரு நாளும் சிரித்ததில்லை, ஆனால் நான் பால் போத்தலோடு இறங்கினால் கேட்காமலே வாங்கிக்கொண்டு போய்ச் சூடாக்கித் தருவா. காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து அவித்த முட்டை இரண்டை உன் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வருவேன், அதுதான் மத்தியானத்துக்கு. அவ கண்டும் காணாத மாதிரி இருந்தா. பதினொரு நாள் அப்படி. அந்நியப் பெண் ஒருத்தி எனக்குச் செய்ததை என் மனுசனின் அக்கா செய்யவில்லை.

அதையும் நான் மறந்திருப்பேன். நிச்சயமாக மறந்திருப்பேன், ஏனென்றால் மனுசருக்குச் சில வேளை இடம் இல்லாமல்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் மறக்கவில்லை. அப்பாவைப் பார்க்க ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மாமி சூப் போத்தலோடு வந்து கட்டிலடியில் இருந்தா. யாரோ என்னைக் கேட்டார்கள், நீங்கள் மச்சாள் வீட்டிலேயோ நிற்கிறியள் என்று. நான் வாயைத் திறக்க முன் மாமி சொன்னா, "எங்க வந்து நிண்டவ? நாங்கள் எவ்வளவு கேட்டம். அவவுக்கு எங்கட வீட்டிலை தங்க விருப்பமில்லையாம். ஹோட்டல்தான் வசதியாம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வெட்டின வயிற்றோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அன்றிலிருந்து நான் கெப்பர் பிடித்தவள், தலைக்கனக்காரி. ஹேர்னிங்கில் திருவிழாவுக்குப் போனால் "ஹோட்டல்காரி வாறா" என்று பின்னால் சிரிப்பார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் "எங்கட வீடு உங்களுக்குச் சரிவருமோ தெரியாது" என்று ஒரு குத்து. அப்பாவிடம் சொன்னேன், ஒருமுறை இல்லை, பத்துமுறை. "அக்கா பொய் சொல்லமாட்டா, நீர்தான் எதையோ பிழையா விளங்கியிருப்பீர்" என்பார். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். விட்டேனே தவிர விழுங்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போனாய், நாங்கள் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இந்தப் புரொண்பிக்குக் குடிவந்தோம், மாமி குடும்பம் லண்டனுக்குப் போனது, நான் காத்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. உன் கலியாணம் முடிவானபோதுதான் தெரிந்தது.

நீ நினைவு வைத்திருப்பாய், எங்கள் வரிசை வீட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று. ஸ்கீவவிலிருந்து, ஹேர்னிங்கிலிருந்து, நோர்வேயிலிருந்து. வாசலில் சப்பாத்து மலை. குளியலறைக்குப் பெயர் எழுதி வரிசை. அடுக்களையில் பயித்தம்பணியாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டு ஆறு பெண்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்த சிரிப்பு. கலியாண வீடு என்றால் அதுதான். தாலி கட்டுவது ஒரு நிமிட வேலை. அந்தச் சனத்துக்குள் நெரிபடுவதுதான் கலியாணம். மாமியும் மாமாவும் வருகிறார்கள் என்றதும், அவர்களை எங்கே படுக்க வைக்கலாம் என்று அப்பா என் அறையைக் காட்டினார். நான் சொன்னேன், "வயசான ஆக்கள், இந்தச் சத்தத்துக்குள்ளை பாவம். நல்ல ஹோட்டலா நான் பாக்கிறன்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

என் இரண்டு லீவு நாளை எடுத்துக்கொண்டு கொப்பன்ஹேகன் பழைய நகரத்துக்குள் ஹோட்டல் பார்க்க இறங்கினேன். உன்னைப் போலவே நானும் கொப்பியில் எழுதினேன். கால்வாய்க் கரையில் ஒன்று, பழைய பண்டகசாலையை மாற்றிக் கட்டினது, உத்தரம் ஒவ்வொன்றும் என் இடுப்புப் பருமன். அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் இருந்தது, மாமிக்கு விடிய எழும்பினதும் பிளேன்ரீ வேண்டும். மெட்ரோவும் பக்கத்திலே. நினைத்த நேரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவா. ஆகவே அது வேண்டாம். வட்டக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இன்னொன்று, சின்னது, வடிவானது, அங்கே மெட்டேயின் பெற்றோரும் சித்தப்பாமாரும் அறை எடுத்திருந்தார்கள். கதைக்க ஆள் கிடைத்துவிடும். அதுவும் வேண்டாம். மூன்றாவது துறைமுகப் பக்கம். கால் வைத்தால் சத்தம் கேட்காத கம்பளம். வரவேற்பில் நிற்கிறவர்கள் காதோடு காதாகத்தான் கதைப்பார்கள். கேத்தில் கிடையாது, பொத்தானை அமத்தினால் கோப்பி மட்டும் வருகிற ஒரு மெஷின். யன்னலால் பார்த்தால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். புரொண்பிக்கு வர ஒரு பஸ், ஒரு ரயில், பிறகும் ஒரு பஸ். அந்த ஊரில் அதைவிடத் திறமான ஹோட்டல் இல்லை. யாராலும் குறை சொல்ல முடியாது, யாரோடும் வாய் திறக்கவும் முடியாது. அறையைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் கொஞ்சம் இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தம்பி.

ஏன் ஆகத் திறமானதை எடுத்தேன் என்று உனக்கு இப்போது விளங்கும். மட்டமான அறையில் போட்டிருந்தால் சனம் என்னைத்தான் தூற்றியிருக்கும். திறமான அறையில் போட்டால் அவ முறைப்பாடு செய்ய வாயில்லை. வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், மாமி எங்கே, மாமி எங்கே என்று. நான் பலகாரத்தட்டை நீட்டிக்கொண்டே சொன்னேன், "நாங்கள் எவ்வளவு கேட்டம். அவைக்கு எங்கட வீட்டிலை தங்க விருப்பமில்லையாம்." வார்த்தைக்கு வார்த்தை. காலையும் பின்னேரமும் மாமி போன் எடுத்தா. "என்ன செய்யிறியள் மச்சாள்? சிரிச்சுக் கேக்குது." "ஒண்டுமில்லை, சும்மா. நீங்கள் ஆறுதலா இருங்கோ." இரண்டாம் நாள் கேட்டா, "நானும் வந்து ஒரு மூலையிலை இருக்கட்டோ? பயித்தம்பணியாரம் நான் நல்லா உருட்டுவன்." நான் சொன்னேன், "இஞ்சை இடம் காணாது, மச்சாள்."

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். கலியாணத்தன்று காலை உனக்குப் பாலறுகு வைத்தோம், அறுகம்புல்லையும் பாலையும் உன் தலையில் வைத்து முழுக வார்த்தது. சுபநேரம் எட்டு மணியோடு முடிகிறது என்று ஐயர் எழுதித் தந்திருந்தார். அந்தக் கடிதாசி என்னிடம்தான் இருந்தது, ஹோட்டலுக்குக் கார் அனுப்புகிற பொறுப்பும் என்னிடம்தான். காரை எட்டு மணிக்கு அனுப்பினேன். ஒரே மருமகனின் தலையில் பால் வைக்க லண்டனிலிருந்து பட்டுச்சேலையோடு வந்தவ, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நின்ற உன்னைத்தான் கண்டா. நீ கேட்டாய், "மாமி, ஏன் லேட்?" அவ என்னைப் பார்த்துவிட்டு, "டிரபிக் அப்பு" என்றா. மாமியின் கையால் உனக்குக் கிடைக்க வேண்டிய ஆசி ஒன்றை நான் தட்டிவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவவிடம் கேட்கமாட்டேன்.

அன்று மண்டபத்தில் நீ எழும்பி டெனிஷில் பேசினாய். என் அம்மாவுக்குப் பெரிய மனசு, தான் நிலத்தில் படுத்துக்கொண்டு மாமிக்கு இந்த நகரத்திலேயே சிறந்த அறையை எடுத்துக் கொடுத்தா என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். மாமியும் தட்டினா, தன் தட்டைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அந்தக் கைதட்டு தேனாக இருந்தது. ஆனால் தம்பி, நீ நடிக்கவில்லை. நிசமாகவே நம்பினாய். பெரியவர்களுக்கு மரியாதை செய்வதென்றால் இப்படித்தான், தூரத்தில் ஒரு நல்ல அறை எடுத்துக் கொடுப்பது என்று என்னிடம் கண்டு படித்தாய். மெட்டேயின் ஆட்களுக்கு அது இயல்பு, அவர்கள் மேல் பிழையில்லை. அவர்கள் யாரையும் வெட்டி விடுவதற்காக அப்படிச் செய்வதில்லை. நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு கிழவி இருக்கிறா, மகன் யூலாந்திலிருந்து வந்தால் ஹோட்டலில் இறங்கி, பூவோடு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவான். அவவுக்கு அது போதும். எனக்குப் போதாது. உன்னிடம் நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான்: கட்டிலை எண்ணிப் பார்த்து ஆட்களைக் கூப்பிடாதே. கூப்பிடு, பிறகு எண்ணு.

விமான நிலையத்தில் வழியனுப்பும்போது நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாய். மாமி என் கையைப் பிடித்தா. "நீர் செய்தது முழுக்க எனக்கு விளங்கினது. நல்லாச் செய்தனீர். ஆனா எனக்கு மட்டும்தான் செய்தனீர். உம்மட மனுசனையும் ஒருக்காக் கேட்டுப் பாரும்," என்றா. தோற்றவள் கடைசியாக எறிகிற கல் என்று நினைத்துக்கொண்டு, சிரித்து, கையை ஆட்டிவிட்டு வந்தேன். கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை இவ்வளவும் எழுதி முடித்து, நேற்றுப் பின்னேரம் அடுக்களை மேசையில் வைத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உனக்கு அனுப்ப முன் அவருக்கும் தெரியட்டும், தன் அக்கா எப்படிப்பட்டவ, தன் மனுசி எப்படிப்பட்டவள் என்று. பாலறுகு வந்தபோது திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். மாமி சொன்ன கடைசி வார்த்தையை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நீர் வாசலுக்கு வந்த அண்டைக்கே அக்கா வார்ட்டுக்குப் போன் எடுத்தவ," என்றார். "அத்தான் உள்ளுக்கை விடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார், நான் என்ன செய்ய எண்டு அழுதவ. அத்தான் அப்பிடிச் சொன்னது வெளியிலை தெரிஞ்சா அவரின்ரை மானம் போகும், அக்காவுக்குத்தான் அடி விழும். அதாலை…"

"அதாலை?"

"நீர்தான் வரமாட்டன் எண்டு சொன்னதாச் சொல்லச் சொன்னது நான்தான்."

நான் கடிதத்தை மடித்தேன். அவர் பிறகும் சொன்னார், "நீர் தாங்குவீர் எண்டு நினைச்சன்."

பார், தம்பி. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர். ஹோட்டல்காரி என்று சனம் சிரித்தபோதெல்லாம் எனக்குப் பக்கத்தில் நின்றவர். நான் அழுதுகொண்டு சொன்னபோது, நீர்தான் பிழையாக விளங்கியிருப்பீர் என்றவர். அந்த மாமிக்குக் கேத்தில் இல்லாத அறை தேடி அலைந்தேனே, எவ்வளவு பைத்தியக்காரி நான். மாமியை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பொய்யைச் சொன்ன வாய் அவவுடையதுதான், கதவைப் பாதி திறந்த கையும் அவவுடையதுதான். ஆனால் அவவின் கணக்கு முடிந்தது. இரவல் வாங்கிய பொய்யென்றாலும் அதற்கு அவ பட்டுவிட்டா.

"இனி என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?" என்று அப்பா கேட்டார். பெட்டியை அடுக்கச் சொன்னேன்.

மெட்டேக்கு நாள் கிட்டினதும் வருகிறோம். எனக்குக் கட்டில் வேண்டாம், தொட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு கம்பளி போதும். அவளிடம் நீயே சொல்லு, என் அம்மாவின் நித்திரையைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டாம் என்று. உன் மூன்று ஹோட்டலும் நல்ல ஹோட்டல்தான், அமைதியானவை, நீ நன்றாகத்தான் தேடியிருக்கிறாய். அதில் எதையாவது ஒன்றை எடு. ஒற்றைக் கட்டில் அறை. அப்பாவின் பெயரில் போடு.

அம்மா